நடந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர்

பேஷண்டின் நெஞ்சில் ஈ.சி.ஜி.யின் ஏழாவது லீடை ஒட்டிக்கொண்டிருந்தபோது மேசையில் கிடந்த என் கைபேசி அதிர்ந்தது. கையெல்லாம் ஜெல். எடுக்கவில்லை. டெஸ்ட் முடிந்து, அந்தப் பெரியவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு பார்த்தால், சாந்தாராம் அண்ணனின் மனைவி மீரா மதினியிடமிருந்து நான்கு அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன்.

“உங்க அண்ணே போயிட்டாரும்மா, காலையில எட்டு மணிக்கு” என்றார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “மத்ததெல்லாம் அடங்குன பெறகும் ஹார்ட்டு மட்டும் அடங்காம ஓடிக்கிட்டே இருந்துச்சாம். டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. உன்கிட்டச் சொல்லணும்னு தோணுச்சு” என்றார். அந்த அழுகைக்கு நடுவிலும் குரலில் ஒரு பெருமை இருந்தது. எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

சாந்தாராம் அண்ணனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டி.எம்.டி. என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. ஓடுகிற பெல்ட்டின் மேல் ஆளை நடக்கவிட்டு, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டி, அந்தச் சிரமத்தில் இருதயம் எப்படி நடந்துகொள்கிறது என்று ஈ.சி.ஜி.யில் பார்ப்பார்கள். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்த அறை என் பொறுப்பு. அந்த இயந்திரங்களைப் பூட்டித் தருவதும் பழுது பார்ப்பதும் அண்ணனின் வேலை. மதுரைக்குள் மட்டுமல்ல, உசிலம்பட்டி, எழுமலை, பேரையூர் என்று எங்கே மெஷின் மக்கர் செய்தாலும், முதுகில் ஒரு கறுப்புப் பையோடு அவருடைய பைக் போய் நிற்கும்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சிரிக்கத்தான் தோன்றுகிறது. அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாயைத் திறக்க வேண்டிய ஒரு நாளில் அவரிடம் நான் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். சின்ன விஷயமில்லை, அவருடைய உயிர் சம்பந்தப்பட்டது. அதை அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்குப் பதினோரு வருடங்கள் பிடித்தன. இந்த அஞ்சலியில் அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் எனக்குத் தூக்கம் வராது.

அவரை முதன்முதலில் பார்த்தது, நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில். புது மெஷின் வந்து இறங்கியிருந்தது. லிஃப்டுக்குள் நுழையவில்லை. எட்டு பேர் சேர்ந்து படியில் தூக்கி வந்தார்கள். அந்த எட்டில் ஒருவர் இன்ஜினியர் என்றே எனக்குத் தெரியவில்லை. எல்லாம் பூட்டி முடித்ததும் அவர் சட்டையைக் கழற்றினார், பனியனைக் கழற்றினார், பெல்ட்டின் மேல் ஏறி நின்று “லீட ஒட்டும்மா” என்றார். ஆனையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வரும் இருபத்துநாலு வயதுப் பெண் நான். முன்பின் தெரியாத ஆம்பளையின் நெஞ்சைத் தொட வேண்டும் என்றதும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இங்க பாரு தங்கச்சி, என்னைய ஆளுன்னு நெனைக்காத. நான் இந்த மெஷினோட ஸ்பேர் பார்ட்டு. கூச்சப்படாம ஒட்டு” என்றார்.

ஒட்டினேன். ஒன்பது நிமிடம் நடந்தார். வேர்த்து வழிய இறங்கி வந்து, துண்டால் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சர்வீஸ் தாளில் கையெழுத்துப் போட்டார். அது அவருடைய சட்டம். நடந்து பார்க்காத மெஷினுக்குக் கையெழுத்துப் போட மாட்டார். மற்ற இன்ஜினியர்களிடம் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி இருக்கும். ஒயர்களை அதில் மாட்டினால் நல்ல இருதயம் மாதிரியும் கெட்ட இருதயம் மாதிரியும் அலை போட்டுக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அண்ணனிடமும் அந்தப் பெட்டி இருந்தது. ஆனால் அதை அவர் நம்பவில்லை. “இதுக்கு வேர்க்காதும்மா. மூச்சு வாங்காது. எழுவத்தஞ்சு கிலோ எடையும் கெடையாது. நாளைக்கு இதுல ஏறப்போறது பெட்டியா, மனுசனா?” என்பார்.

கணக்குப் பார்த்தால், மதுரை வட்டாரத்தில் எந்த இருதய நோயாளிக்கும் அவருக்கு எடுத்த அளவு ஈ.சி.ஜி. எடுத்திருக்க மாட்டார்கள்.

வேலை நேரத்தில் அவருக்குக் கோபம் வரும். அப்போது மெஷினைத் திட்டுவார். தமிழில் அல்ல, அவர் வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர மொழியில். ஏன் என்று கேட்டதற்கு, “தமிழ்ல திட்டுனா வெளிய உக்காந்திருக்க பேஷண்டு, டாக்டரத் திட்டுறேன்னு நெனச்சுக்கிருவாக” என்றார். அவர் என்ன திட்டுகிறார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் மெஷினுக்குத் தெரியும் போல. பெரும்பாலும் ஓட ஆரம்பித்துவிடும்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மேற்குப் பக்கத்துச் சம்சாரிகள், விவசாயம் செய்கிறவர்கள். வேட்டியோடு பெல்ட்டில் ஏற்ற முடியாது. தடுக்கி விழுந்தால் இருதயத்தைப் பார்க்க வந்தவருக்கு எலும்பையும் பார்க்க வேண்டியதாகிவிடும். ஆஸ்பத்திரியில் பேன்ட் வாங்கித் தரச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த காகிதம் எந்த மேசையில் தூங்கியதோ தெரியாது. ஒரு நாள் அண்ணன் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ஆறு பேன்ட், சின்னதிலிருந்து பெரியது வரை, எல்லாவற்றுக்கும் இடுப்பில் நாடா. தையற்கடை வைத்திருக்கும் அவருடைய சித்தப்பா மகனிடம் சொல்லித் தைத்து வாங்கியிருந்தார். “இதுவும் மெஷினோட சேர்ந்ததுதான்” என்றார்.

அந்தப் பேன்டை முதலில் போட்டவர் எழுமலையிலிருந்து வந்த ஒரு பெரியவர். காட்டில் பருத்தி போட்டிருந்தார், களத்தில் மயங்கி விழுந்ததால் மகன் அழைத்து வந்திருந்தான். அவருக்குப் பேன்டும் பிடிக்கவில்லை, பெல்ட்டும் பிடிக்கவில்லை.

“நடந்தாலும் இருந்த எடத்துலதான இருக்கேன்? இதுக்கு எதுக்குய்யா நடக்கணும்?” என்று டாக்டரையே கேட்டார்.

மூலையில் உட்கார்ந்து ஏதோ ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அண்ணன்தான் பதில் சொன்னார். “நீங்கதான் மாமா இருந்த எடத்துல இருக்கீக. உள்ள இருக்கறது ஓடுது. அது எம்புட்டு தூரம் ஓடும்னு பாக்கத்தான் இம்புட்டு ஏற்பாடும்.”

பெரியவர் நடந்தார். ஆனால் முன்னால் இருக்கும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தொங்கினார். அப்படித் தொங்கினால் பாரம் கைக்குப் போய்விடும், இருதயத்துக்கு வேலை இருக்காது, டெஸ்டும் பொய் சொல்லும். நான் பத்துத் தடவை சொல்லியும் அவர் விடவில்லை. அண்ணன் எழுந்து பக்கத்தில் போனார். “மாமா, பஸ்ல கம்பியப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீக. உழும்போது மாட்டு மேல கைய வைப்பீகள்ல, அப்பிடி வைங்க.”

அவ்வளவுதான். கை தளர்ந்து, விரல்கள் மட்டும் கம்பியில் பட்டும் படாமலும் நின்றன. அன்று முதல் நானும் எல்லாரிடமும் அதையேதான் சொல்கிறேன். இறங்கிய பிறகு பெரியவர் கேட்டார்: “எம்புட்டு தூரம் வந்திருப்பேன்?”

“அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல மாமா.”

“இம்புட்டுத்தானா? இதுக்கா எனக்கு இந்தப் பேன்ட மாட்டி விட்டீக?”

அறையே சிரித்தது. டாக்டர் சிரித்து முடிக்க நேரமானது.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ். பதினோரு வருடங்களுக்கும் கொஞ்சம் முன்னால் ஒரு தை மாதம், வழக்கம் போல அண்ணன் பெல்ட்டில் நடந்தார், நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு கட்டம் சுத்தமாகப் போனது. மூன்றாவது கட்டத்தில், ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் நேராகப் போக வேண்டிய கோடு லேசாகக் கீழே தொங்கியது. ஒரு பேஷண்டுக்கு அப்படி வந்திருந்தால் அந்த நிமிடமே பக்கத்து அறையிலிருந்த டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். இருதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு அது அடையாளம்.

அண்ணனும் திரையைப் பார்த்தார். “கேபிள் போச்சு” என்றார். பெல்ட்டை நிறுத்தி இறங்கினார். பையிலிருந்து புதுக் கேபிளை எடுத்து மாட்டினார். அதன் பிறகு மறுபடி ஏறி நடக்கவில்லை. “எழுமலையில காத்துக்கிட்டு இருக்காக” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

நடந்து பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அது உறுத்தியது. “அண்ணே, டாக்டர்கிட்ட ஒரு வார்த்த காட்டிருவமா?” என்று கேட்பதற்கு எத்தனை நேரம் ஆகிவிடும்? கேட்கவில்லை. மெஷினைப் பற்றி அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது என்று பழகியிருந்தேன். அவரைவிட எனக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது என்று ஒரு எண்ணம். அதைவிட, அது உண்மையாக இருந்துவிடக் கூடாதே என்ற பயம். பேசாமல் அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டேன்.

ஆடி மாதம் மறுபடி வந்தார். மறுபடி நடந்தார். மறுபடி அதே தொங்கல், போன தடவையைவிடக் கொஞ்சம் ஆழமாக.

அன்று அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. கேபிளை மாற்றினார். ஏறி நடந்தார். தொங்கியது. லீடெல்லாம் புதுப் பாக்கெட் பிரிக்கச் சொன்னார். தொங்கியது. நெஞ்சை ஸ்பிரிட் போட்டுச் சிவக்கச் சிவக்கத் தேய்த்தார். தொங்கியது. ஈ.சி.ஜி. பெட்டியையே கழற்றிவிட்டு வேறு பெட்டி பூட்டினார். அதுவும் தொங்கியது. சௌராஷ்டிரத்தில் அவர் அத்தனை நீளமாகத் திட்டி நான் கேட்டதில்லை. மறுநாள் உசிலம்பட்டியிலிருந்து போன் செய்தார். “தங்கச்சி, இங்கயும் அதே கோளாறு. ஒரே லாட்டுல மட்டமான சரக்க அனுப்பியிருக்காங்க.” அதற்கு மறுநாள் பேரையூரிலிருந்து: “இங்கயும்தான்.”

மூன்று ஊர்களிலும் இயந்திரத்தில் ஒரே குறை என்று தன் கம்பெனியின் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு நீளமாக எழுதிப் போட்டார். நான்கு நாளில் பதில் வந்தது. அதைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். ஒரே ஒரு வரிதான். அந்த மூன்று மெஷின்களிலும் நோயாளிகளுக்கு இந்தக் குறை வருகிறதா என்று கேட்டிருந்தார்கள்.

“கிறுக்குப் பயலுக, கேள்வியப் பாரு” என்றார்.

எங்கள் மெஷினில் நல்ல இருதயக்காரர்களுக்குக் கோடு நேராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவையும் பேசாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. ஆனால் பேசவும் வாய் வரவில்லை. அவரை வெளியே நிற்கச் சொன்னேன். நர்ஸ் ஒருத்தியைக் கூப்பிட்டுப் பத்து லீடையும் எனக்கு ஒட்டச் சொன்னேன். வெள்ளைக் கோட்டு ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு அவரை உள்ளே கூப்பிட்டேன். அவர் திட்டிய அதே கேபிள், அதே பெட்டி. பெல்ட்டில் ஏறி, “போடுங்கண்ணே” என்றேன்.

பட்டனை அழுத்தினார். மூன்று கட்டமும் நடந்தேன். எனக்கு நடந்து பழக்கமில்லை, நாக்குத் தள்ளியது. திரையில் என் கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராக ஓடிக்கொண்டிருந்தது. இறங்கினேன்.

“கேபிள் நல்லாருக்குண்ணே.”

“ம்.”

“பெட்டியும் நல்லாருக்கு. மெஷினும் நல்லாருக்கு.”

“தெரியுதும்மா” என்றார். பேஷண்டு உட்காரும் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அடுத்து அவர் கேட்டதில்தான் முழுச் சாந்தாராம் அண்ணனும் இருந்தார். “இத டாக்டர்கிட்டக் காட்டுனா இனிமே என்னைய பெல்ட்டுல ஏற விடமாட்டாங்கள்ல?”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. “ஏறுறதுக்கு மொதல்ல ஆளு இருக்கணும்ணே!” என்று கத்திவிட்டேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். அவருடைய தாளையும் என் தாளையும் கிழித்தெடுத்து, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். சின்னப் பிள்ளை மாதிரி பின்னாலேயே வந்தார்.

ஆஞ்சியோ எடுத்ததில் இருதயத்துக்குப் போகும் மூன்று ரத்தக் குழாயிலும் அடைப்பு. அடுத்த வாரம் பைபாஸ். ஐ.சி.யூ.வில் கண் விழித்ததும் மீரா மதினியிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, “அந்த மானிட்டர்ல அலாரம் தப்பா செட் பண்ணியிருக்காக, சிஸ்டரக் கூப்பிடு.” மதினி இதை என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து டாக்டர் அவருக்கு டி.எம்.டி. எழுதினார். இப்போது அவர் பேஷண்டு, நான் டெக்னீஷியன். அவர் தைத்துக் கொடுத்த பேன்டிலேயே வந்து நின்றார். நாலாவது லீடு அரை இஞ்சு தள்ளியிருக்கிறது என்றார். பெல்ட் சத்தம் சரியில்லை, எண்ணெய் போடணும் என்றார். கடைசியில் டாக்டரே, “சாந்தாராம், வாய மூடிக்கிட்டு நடங்க” என்றார். நடந்தார். மூன்றாவது கட்டம் தொடங்கியபோது நானும் டாக்டரும் திரைக்குப் பக்கத்தில் குனிந்தோம். கோடு தொங்கவில்லை. நேராக, அழகாக, ஒன்பது நிமிடமும் நேராகவே போனது. வாசலில் நின்ற நர்ஸ்கள் கைதட்டினார்கள். அன்று மாடி முழுக்க அவர் செலவில் பருத்திப்பால்.

மறுவாரம் சென்னைக்கு இன்னொரு கடிதம் எழுதினார். அதன் நகலை என்னிடம் காட்டியே அனுப்பினார். “மேற்படி குறை நிவர்த்தி செய்யப்பட்டது. பழுது இயந்திரத்தில் இல்லை. அதைச் சோதித்த இன்ஜினியரிடம் இருந்தது. அடைபட்ட மூன்று குழாய்களுக்கு மாற்று வழி போடப்பட்டுள்ளது. இன்ஜினியர் தற்போது நல்ல முறையில் இயங்குகிறார்.”

அதன் பிறகு பதினோரு வருடங்கள். டாக்டர் இரண்டு கட்டம் மட்டும் நடக்கலாம் என்று சொல்லியிருந்தார். இரண்டு முடிந்ததும் மூன்றாவதுக்காக என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டினால் முனகிக்கொண்டே இறங்குவார். பெல்ட்டைப் பார்த்து மிரளுகிற பேஷண்டுகளுக்குச் சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டுவார். “நானே ஏறுறேன், உங்களுக்கு என்ன?” என்பார். அந்த வருடங்களில் மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார், பேத்தியை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டார், மதினியோடு முதன்முதலாக ரயிலேறி ஊர் ஊராகச் சுற்றினார். நான் எல்லாவற்றையும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒவ்வொரு தை மாதமும் என் நெஞ்சு மட்டும் கனக்கும். நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஆறு மாதத்தில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? எழுமலைச் சாலையில், பைக்கில் போகும்போது?

போன மாதம் அவரைப் பார்க்க மகால் பக்கத்திலிருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். கணையத்தில் வந்த வியாதி அவரைப் பாதியாக்கியிருந்தது. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. மதினி காபி போட உள்ளே போனார். இதைவிட்டால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

“அண்ணே, அந்த மொதத் தடவ, தை மாசம், கேபிள் போச்சுன்னீங்கள்ல. அன்னைக்கே எனக்குத் தெரியும்ணே. பயந்துக்கிட்டுச் சொல்லாம இருந்துட்டேன்.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “எனக்குந்தாம்மா தெரியும்.”

“என்ன?”

“அது கேபிள் இல்லன்னு எனக்கும் அன்னைக்கே தெரியும். நீ பாத்துட்டன்னும் தெரியும். நீ சொல்லிருவியோன்னு பயந்துதான் அம்புட்டு வேகமா எழுமலைக்கு ஓடுனேன். அங்க எவனும் காத்துக்கிட்டு இல்ல. ஆடியில மெஷினக் கொற சொன்னதும் மனசு ஒத்துக்காமத்தான்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அன்னைக்கு நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். உன்னைய ரெண்டு திட்டுத் திட்டிட்டுப் போயிருப்பேன். நீயே பெல்ட்டுல ஏறுன பாரு, அதுக்குத்தான் என்னால பதில் சொல்ல முடியல. அந்த ஆறு மாசத்த எதுக்கு நெனச்சுக்கிட்டு இருக்க? அதுக்கப்புறம் வந்த பதினோரு வருசத்த நெனைச்சுப் பாரு.”

நான் அழுதேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். காபியோடு வந்த மதினி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனபோது கூடம் நிறைய ஆட்கள். உறவுக்காரர்கள் அவர்கள் பாஷையில் அழுதுகொண்டிருந்தார்கள். எழுமலை டாக்டர் வந்திருந்தார், பேரையூரிலிருந்து இரண்டு நர்ஸ்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். மாலையைச் சரிசெய்யக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்கள். மதினி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பக்கத்தில் போய், இடது மார்புக்குக் கீழே என் உள்ளங்கையை வைத்தேன். எத்தனையோ முறை தொட்ட இடம், தேட வேண்டியிருக்கவில்லை. பெட்டியின் குளிரில் சில்லிட்டிருந்தது. முகம் மட்டும், இரண்டு கட்டத்தை முடித்துவிட்டு என் அனுமதிக்குக் காத்திருப்பவருடையதைப் போலவே இருந்தது.

டெஸ்ட் முடிந்ததும் எல்லாரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னேன்.

“போதும்ணே. நல்லா நடந்தீங்க. இறங்கிக்கங்க.”